காட்டுக் கேட்டின் ஆங்கிரே

தேவஇரக்கம் இறந்த ஐந்தாம் நாள் அவன் மனைவி தங்கபாய் டீச்சர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வேதக்கோயிலில் நினைவு ஆராதனை. இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை ஒருவர் எழுந்து வாசிப்பது அவர்கள் வழக்கம். பிறப்பு, படிப்பு, கல்யாணம் எல்லாம் டீச்சரே எழுதி முடித்துவிட்டார். இராஜபாளையம் மில்லில் அவன் வாட்ச்மேனாக இருந்த பத்து வருஷத்தை மில்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நடுவில் ஒரு எட்டு வருஷம் காலியாகக் கிடந்தது.

“காட்டு இலாகாவுல அவிய கூட இருந்தது நீங்கதான், அண்ணாச்சி. அதை ஒரு பக்கத்துல எழுதித் தாங்க. நீங்களே வந்து வாசிச்சாலும் சரி,” என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது? அந்த எட்டு வருஷத்தில் ஏழேமுக்கால் வருஷத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மிச்சக் கால் வருஷத்தை நான் ஒருத்தன்தான் எழுத முடியும். எழுதினால் ரிட்டையராக இரண்டு வருஷம் இருக்கிற என் பாரஸ்டர் வேலை போகும். கேஸ் போட்டால் ஜெயிலும் உண்டு. எழுதாவிட்டால் தேவஇரக்கம் லஞ்சம் கேட்டு டிஸ்மிஸ் ஆனவனாகவே மண்ணுக்குள் கிடப்பான். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

‘அவன்’ என்றுதான் எழுதுகிறேன். ஒரே கொட்டகையில் எட்டு வருஷம் ஒரே தூக்குச்சட்டியில் தின்றவனை இன்றைக்குச் செத்துப்போனான் என்பதற்காக ‘அவர்’ ஆக்க எனக்கு வராது.

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையிலிருந்து வண்டிப்பாதை இறங்குகிற இடத்தில் ஒரு கேட் இருந்தது. கேட் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு, அதன் ஒரு முனையில் கட்டிய பாறாங்கல், பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். 1924இல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அங்கே வாட்சராகச் சேர்ந்தோம். மலையிலிருந்து மரமோ மூங்கிலோ ஏலக்காயோ எது இறங்கினாலும் வண்டிக்காரன் இலாகா பாஸ் காட்ட வேண்டும். அதே பாஸை வைத்து இன்னொரு நடை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக, பாஸின் வலது மூலையை எடுத்துக் கொட்டகையில் தொங்கும் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். மூலை போன பாஸ் செத்த பாஸ்.

தேவஇரக்கம் அந்த மூலையைப் பேனாக்கத்தியால் வெட்டுவான். பலகையில் காகிதத்தை வைத்து, விரலால் அமுக்கி, ஒரே கோடாக வெட்டுவான். வண்டிக்காரன் வெயிலில் நின்று முனகினாலும் கத்தியைத் தேடி எடுத்துத்தான் வெட்டுவான். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. கையால் வெடுக்கென்று கிழித்துக் குத்திவிடுவேன். கம்பியைப் பார்த்தாலே எது அவன் மூலை, எது என் மூலை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. யார் அதையெல்லாம் உற்றுப் பார்க்கிறார்கள்?

மலைமேல் எஸ்டேட்டும் மர வியாபாரமும் வைத்திருந்தவர் பிராட்லி என்கிற துரை. அவர் வண்டிகளின் மாட்டுமணி ஓசை கேட்டவுடன் கம்பைத் தூக்கிவிட வேண்டும் என்பது எங்களுக்கு முன்னால் இருந்த வாட்சர்கள் காலத்திலிருந்தே நடப்பு. பாஸ் மாதக் கடைசியில் ஒரு கட்டாக வரும். அதில் எத்தனை வண்டி, எத்தனை மரம் என்று துரையின் ரைட்டர் எழுதியதுதான் கணக்கு. தேவஇரக்கம் வந்தபிறகு இந்த நடப்பு நின்றது.

“காகிதம் முன்னால, கம்பு பொறவு,” என்பான். ராஜாவே வந்தாலும் அதுதான். நான் பயந்தவன். “ஏலே, உனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா? துரை வண்டிலே,” என்பேன். “துரைக்கும் இலாகாவுக்கும் ஒரே சர்க்கார்தான? அவர் பாஸ் வாங்குனா ஆகாதா?” என்று கேட்பான். கேள்வி சரிதான். ஆனால் சரியான கேள்வி கேட்கிறவனுக்கு எந்த ஊரில் நல்லது நடந்திருக்கிறது?

1931 தை மாதம் துரையே காரில் வந்தார். முன்னால் நின்ற அவருடைய இரண்டு வண்டிகளுக்குப் பாஸ் இல்லை. கம்பு கீழேயே கிடந்தது. துரை இறங்கி வந்து கத்தினார். இங்கிலீஷில் பொழிந்த வசவில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: ஆங்கிரியா. “நீ யாரென்று நினைப்பு? ஆங்கிரியா என்று நினைப்பா?” என்று அவருடைய ரைட்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னான். கடைசியில் ரைட்டரை இலாகா ஆபீசுக்கு அனுப்பிப் பாஸ் எழுதி வாங்கி வந்துதான் வண்டிகள் இறங்கின.

யார் அந்த ஆங்கிரியா என்று தேவஇரக்கத்துக்கு மண்டைக் குடைச்சல். டீச்சர் தங்கள் மிஷன் ஹைஸ்கூலிலிருந்து ஒரு சரித்திரப் புத்தகம் கேட்டு வாங்கி வந்து பார்த்தார். நான்கே வரி இருந்தது. மேற்குக் கடற்கரையில் ஆங்கிரியா என்றொரு கடற்கொள்ளைக்காரன் இருந்தான், வியாபாரக் கப்பல்களைப் பிடித்துத் தொல்லை கொடுத்தான் என்று போட்டிருந்ததாம். டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. தேவஇரக்கம் இரண்டு நாள் என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. “பாஸ் கேட்டவன் கொள்ளைக்காரனாலே கருத்தையா?” என்று மட்டும் ஒரு தரம் கேட்டான்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் காக்கிக் கோட்டுகளைத் தைக்கக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் போனோம். அங்கே தையல்கடை வைத்திருந்தவர் பாண்டுரங்க ராவ். பல தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட மராத்திக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பேச்சு வேறு, கடையில் நம் பேச்சு. தேவஇரக்கம் சும்மா இருக்கமாட்டாமல், “மேற்குக் கடற்கரையில ஆங்கிரியான்னு ஒரு கொள்ளைக்காரனாமே, கேள்விப்பட்டிருக்கீரா?” என்று கேட்டுவிட்டான்.

ராவ் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

“கொள்ளைக்காரன்னு எந்தப் பய சொன்னான்? அவர் பேர் கானோஜி ஆங்கிரே. எங்க ராஜா அவருக்கு சர்கேல்னு பட்டம் குடுத்து, கப்பல்படை அம்புட்டையும் கையில ஒப்படைச்சார். இருநூறு வருஷத்துக்கு முந்தின சங்கதி. கடலோரக் கோட்டை ஒண்ணுல சாதாரணச் சிப்பாயாச் சேர்ந்த ஆளுதான். எதிரி சுத்தி வளைச்சப்போ கோட்டைத் தலைவன் காசு வாங்கிட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தானாம். இவர் அவனைத் தூக்கி எறிஞ்சிட்டுக் கோட்டையைக் காப்பாத்தினார்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க.”

“பொறவு கப்பலை ஏன் பிடிச்சாராம்?”

“அது எங்க கடல் தம்பி. அதுல போற கப்பலெல்லாம் அவர்கிட்ட தஸ்தக் வாங்கணும். தஸ்தக்குன்னா பாஸ். அரபிக்காரன் வாங்குனான், உள்ளூர்க்காரன் வாங்குனான். வெள்ளைக்காரக் கம்பெனி மட்டும், நாங்க எதுக்கு வாங்கணும்னான். பாஸ் இல்லாத கப்பலைப் பிடிச்சார். பம்பாய்க் கவர்னரோட சொந்தப் படகையே பிடிச்சு வச்சிருந்தார். இங்கிலீஷ்காரனும் போர்த்துக்கீசியனும் சேர்ந்து வந்து அவர் கோட்டையை அடிச்சுப் பார்த்தாங்க. முடியல. சாகிறவரைக்கும் அவரைக் கடல்ல ஜெயிக்க ஆளில்ல. ஜெயிக்க முடியாதவன் புத்தகத்துல கொள்ளைக்காரன்னு எழுதி வச்சிட்டான்.”

ராவ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “ஆனா ஒண்ணு. அவர் பாஸ் குடுத்துட்டா குடுத்ததுதான். அதை வச்சிருக்கிற கப்பல் யாருதா இருந்தாலும் ஒரு கயித்தைக்கூடத் தொடமாட்டார். அந்தப் பாஸ் இருந்தா அடிச்ச கையே காவல்னு சொல்லுவாங்க.”

திரும்பி வரும்போது தேவஇரக்கம் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். அன்றிலிருந்து நான் அவனை ஆங்கிரே என்றுதான் கூப்பிடுவேன். “ஏலே ஆங்கிரே, இங்க கண்மாய்லயே முழங்கால் தண்ணியில்ல, உனக்குக் கப்பல்படையா?” என்று கேலி பண்ணுவேன். வண்டிக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு அந்தப் பெயர் மேல் ஆசைதான். கோட்டுப் பொத்தான்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

1932 பங்குனியில் அது நடந்தது. அன்று நான் கொட்டகையில்தான் இருந்தேன். துரையின் வண்டிகள் மூன்று வந்தன. மேலே ஏலக்காய் மூட்டை. பாஸ் எதுவும் இல்லை. தேவஇரக்கம் மூட்டைகளை இறக்கச் சொன்னான். அடியில் விலை உயர்ந்த தோதகத்தி மரம், வண்டிக்கு நாலு துண்டு, ஒன்றிலும் இலாகா முத்திரை இல்லை. மாடுகளை அவிழ்த்துப் புளியமரத்தில் கட்டச் சொல்லிவிட்டான். பின்னால் காரில் வந்த துரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வசவு இல்லாமல் போனது நல்லதுக்கில்லை என்று தேவஇரக்கத்திடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் மனு வந்தது. வண்டிகளுக்குப் பாஸ் இருந்ததாம். வாட்சர் தேவஇரக்கம் அதை வாங்கி மூலையையும் வெட்டிக்கொண்டு, லஞ்சம் கேட்டு வண்டிகளை மடக்கினானாம். விசாரணைக்கு மேலதிகாரி வருகிறார் என்றார்கள். வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ரேஞ்சர் என் வீட்டு வாசலுக்கே வந்தார். இதற்கு முன்னால் அவர் என் தெருவுக்குள் கால் வைத்ததில்லை.

“பாஸைத் துரை இப்ப எழுதி வாங்கி வச்சிட்டார். மூலை மட்டும் கம்பியில இல்ல. நாளைக்கு இருக்கணும். நீ பாத்தேன்னு சொல்லணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும்,” என்று ஒரு காகிதத்தை என் கையில் திணித்தார்.

உள்ளே என் மனைவி பெத்தம்மாள் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தோம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்போது என் மனசில் இருந்தது அதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். கொட்டகைக்குப் போனேன். தேவஇரக்கம் குளிக்கப் போயிருந்தான். பாஸின் மூலையை வெடுக்கென்று கிழித்துக் கம்பியில் குத்தினேன். மிச்சக் காகிதத்தை ரேஞ்சரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் கொட்டகைக்கு வெளியே மேஜை போட்டு விசாரணை. அதிகாரி நல்ல மனுஷர் மாதிரித்தான் இருந்தார். கம்பியிலிருந்து மூலையை எடுத்து, துரையின் ரைட்டர் நீட்டிய பாஸோடு சேர்த்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. என்னைக் கேட்டார். “பாஸ் இருந்துச்சு அய்யா. நான் பாத்தேன்,” என்றேன். லஞ்சம் கேட்டானா என்றார். “கேட்டான் அய்யா,” என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அதிகாரி அந்த மூலையைத் தேவஇரக்கத்தின் உள்ளங்கையில் வைத்தார். “இதை நீ வெட்டலையா?”

“இல்ல அய்யா.”

“அப்ப யாரு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தியால் வெட்டியிருக்க வேண்டிய மூலை. நான் என் பழக்கத்தில் கிழித்துத் தொலைத்திருந்தேன். இது அவன் மூலை இல்லை, கருத்தையா மூலை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால், கம்பியில் கிடக்கிற நூறு மூலைகளும் சாட்சி சொல்லும். அவன் மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான்.

“தெரியல அய்யா,” என்றான்.

அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். அறியாமல் செய்துவிட்டேன் என்று துரைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வேறு கேட்டுக்கு மாற்றிவிட்டு விஷயத்தை முடிப்பதாகச் சொன்னார். ரேஞ்சர் காகிதமும் பேனாவும் நீட்டினார்.

“நான் கேட்டது பாஸ் அய்யா. அதுக்கு மன்னிப்பு எழுத மாட்டேன்,” என்றான் தேவஇரக்கம். கோட்டைக் கழற்றி, மடித்து, பொத்தான் வெளியே தெரியும்படி மேஜையில் வைத்துவிட்டு நடந்தான்.

டிஸ்மிஸ் உத்தரவு வந்த பிறகு ஐந்து வருஷம் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. பருத்தி மூட்டை தூக்கினான், கிணறு வெட்டப் போனான். தேவதானம் வரைக்கும் கூலிக்கு நடந்தான். ஆங்கிரே என்று கூப்பிட்ட வண்டிக்காரர்கள் லஞ்சக்காரன் என்றார்கள். கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தவன் கடைசி வரிசைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். 1937இல் இராஜபாளையம் மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அங்கேயும் பாஸ் இல்லாமல் ஒரு நூல்மூட்டை வெளியே போகாது.

நான் பாரஸ்ட் கார்டாகி, பாரஸ்டரும் ஆனேன். இராஜபாளையம் போனால் அந்த மில் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்ப்பேன். விடமாட்டான். “ஏலே கருத்தையா, செத்த நேரம் இருந்துட்டுப் போலே,” என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பான். விசாரணை நடந்த வருஷம் பிறந்த என் மகள் செல்லக்கனிக்கு முதல் கவுன் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். அப்போது அவனுக்கு வேலையே இல்லை. விசாரணையைப் பற்றி ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. கிழித்த மூலையை அவன் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் பதினைந்து வருஷம் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு காகிதத்தோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒன்று சட்டைப் பையில், ஒன்று மடியில். பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். காட்டு இலாகாவில் எட்டு வருஷம் நேர்மையாக உழைத்தார், பின்னர் அப்பணியிலிருந்து விலகினார் என்று அழகாக எழுதியிருந்தேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நிதானமாக இரண்டு தடவை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கிய அண்ணாச்சி. விலகினார்னு போட்டிருக்கிய.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“விசாரணை நடந்த அன்னைக்குச் சாயங்காலம் வந்து என்கிட்ட சொன்னாவ. அந்த மூலை கையால கிழிச்சது, கருத்தையா மூலைன்னு சொன்னாவ. எனக்கு ஆத்திரம் தாங்கல. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதுதானேன்னு சண்டை போட்டேன். பெத்தம்மாளுக்கு மாசம் எட்டு, இப்ப அவனைப் பிடிச்சுக் குடுத்தா அந்தப் பிள்ளையும் தங்காதுன்னாவ.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“தெரியலன்னு சொன்னாவல்ல, அது ஒண்ணுதான் அவிய அறிஞ்சு சொன்ன பொய். அதுக்காக வருஷா வருஷம் லெந்து உபவாச நாள்ல முழங்கால்ல நின்னு மன்னிப்புக் கேப்பாவ. நான் விடமாட்டேன். அவன் உங்களக் கொள்ளைக்காரனாக்கிட்டுப் போயிட்டான், அவனுக்கு டீ வேற வாங்கிக் குடுக்கியளேன்னு கேப்பேன். சிரிப்பாவ. ‘அவனுக்கு நான் பாஸ் குடுத்துட்டேன் தங்கம், இனிமே தொடக்கூடாது’ம்பாவ.”

அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில், ஒரு பெண்பிள்ளை முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். டீச்சர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். நான் எழுதிய காகிதத்தை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் புறப்படச் சேலை மாற்ற உள்ளே போனார்.

கோயிலில் ஆள் நிறைய இருந்தது. மில்லிலிருந்து வந்திருந்தார்கள். பழைய வண்டிக்காரர்கள் சிலர் கடைசி வரிசையில் நின்றார்கள். பாண்டுரங்க ராவ் தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். என் இலாகாவிலிருந்தும் இரண்டு பேர். பிறப்பு, படிப்பு, கல்யாணம் வாசித்து முடிந்தது. போதகர் என் பெயரைச் சொன்னார்.

எழுந்து முன்னால் போய் மடியிலிருந்த காகிதத்தைப் பிரித்தேன். அதன் கீழே என் முழுப் பெயரும் உத்தியோகமும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை ஆபீசில் கொடுக்க இன்னொரு பிரதியும் எழுதியாகிவிட்டது. கிளம்பும்போதே டீச்சரிடம் அவனுடைய பேனாக்கத்தியைக் கேட்டு வாங்கி, இந்தக் காகிதத்தின் வலது மூலையை வெட்டியிருந்தேன். அவன் எனக்குக் கொடுத்த பாஸை இனி இன்னொரு தடவை நான் காட்ட முடியாது.

“தேவஇரக்கம் யாரிடமும் லஞ்சம் கேட்கவில்லை,” என்று வாசித்தேன். “அந்த மூன்று வண்டிக்கும் பாஸ் இல்லை. அந்த மூலையைக் கிழித்துக் கம்பியில் குத்தியவன் நான்.”